ஓர் ஊசியோடு முடிந்துவிடாத நான்கு மாதங்கள்

நீண்ட நாட்களாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த கட்டுரை இது. சென்ற கிழமை என் மேசையில் கிடத்தப்பட்ட ஒரு லாப்ரடோர் குட்டியைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை. அதற்கு ஏழு வாரம் இருக்கும். கண்கள் உள்வாங்கி, பல்முரசு வெளிறி, பின்புறம் முழுவதும் இரத்தம் கலந்த கழிச்சலோடு அது கிடந்தது. கொண்டுவந்தவர்கள் எழுபது வயதைக் கடந்த தம்பதியர். வெளிநாட்டில் இருக்கும் மகன், பெரிய வளவில் தாயும் தகப்பனும் தனியாக இருக்கிறார்களே, ஒரு காவல் வேண்டும் என்று விளம்பரம் பார்த்துக் காசு அனுப்பி, தெற்கிலிருந்து இரவு பஸ்ஸில் ஒரு பெட்டிக்குள் வைத்து வருவித்த குட்டி அது. “ஊசி எல்லாம் போட்டாச்சு டொக்டர், அட்டையும் இருக்கு” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அட்டையில் ஒரேயோர் ஊசி பதியப்பட்டிருந்தது. குட்டி மறுநாள் விடியமுன் இறந்துவிட்டது.

அந்த அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு யாரும் எதையும் விளங்கப்படுத்தவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் நாய்க்குட்டி வாங்கும் பெரும்பாலானோர் அந்த அம்மா சொன்னதையே சொல்கிறார்கள் என்பதால், ஊசி விடயத்தை இங்கே சற்று விரிவாகவே எழுதப்போகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலாவது குழப்பம், எந்த ஊசி என்பதில் இருக்கிறது. சுகாதாரப் பகுதியினர் ஊருக்குள் வந்து இலவசமாகப் போடுவது விசர்நாய் நோய்க்கான தடுப்பூசி. அது அவசியமானது, மனித உயிர்களைக் காப்பது, ஒருபோதும் தவறவிடக்கூடாதது. ஆனால் அது விசர்நாய் நோயை மட்டுமே தடுக்கும். எங்களிடம் வரும் குட்டிகளை இரத்தக் கழிச்சலில் கொல்லும் பார்வோ வைரசுக்கும், மூக்கிலும் கண்ணிலும் சளி வடியத் தொடங்கிப் பின்னர் வலிப்பில் முடியும் டிஸ்டெம்பருக்கும், ஈரலைத் தாக்கும் வைரசு நோய்க்கும் வேறு தடுப்பூசி இருக்கிறது. அதைக் கூட்டுத் தடுப்பூசி என்போம். அதை மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று காசு கொடுத்துத்தான் போடவேண்டும். அந்த இலவச ஊசியின்போது கட்டிய கழுத்துப்பட்டியைக் காட்டி, “போன மாதம்தான் போட்டனாங்கள்” என்று சொல்பவர்களிடம் இதைச் சொன்னால், நாங்கள் இன்னோர் ஊசியை விற்கப் பார்க்கிறோம் என்று நினைக்கிறார்கள்.

இரண்டாவது குழப்பம்தான் அதிகக் குட்டிகளின் உயிரை எடுக்கிறது. கூட்டுத் தடுப்பூசியை ஒரு தடவை போட்டால் போதும், அடுத்தடுத்து எழுதித் தருபவை மேலதிகப் பலத்துக்காக, வசதி இருந்தால் போடலாம் என்ற எண்ணம் அது. அது முற்றிலும் பிழையானது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் கடும்புப்பாலின் வழியாகத் தாயின் பிறபொருளெதிரிகள், அதாவது நோயை எதிர்க்கும் புரதங்கள், குட்டியின் உடலுக்குள் போகின்றன. சில வாரங்கள் குட்டியைக் காப்பவை அவைதான். ஆனால் அவை இரத்தத்தில் இருக்கும்வரை, நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் செயலிழக்கச் செய்துவிடும். இந்தத் தாய்வழிப் பாதுகாப்பு ஒரு குட்டிக்கு 6 வாரத்திலேயே தீர்ந்துவிடலாம். அதே ஈற்றில் பிறந்த இன்னொன்றுக்கு 14, 16 வாரம்வரை நீடிக்கலாம். இடையில், நோயைத் தடுக்கப் போதாத, ஆனால் ஊசியை முறியடிக்கப் போதுமான அளவில் அது நிற்கின்ற ஆபத்தான காலம் ஒன்றும் உண்டு. எந்தக் குட்டிக்கு எந்தக் கிழமையில் அந்தக் காலம் முடியும் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 2 தொடக்கம் 4 வாரங்களுக்கு ஒரு தடவையாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரையோ அதைத் தாண்டியோ ஊசியைத் தொடர்கிறோம். ஆகவே ஆறாம் கிழமையில் போட்ட முதல் ஊசி முழுவதும் வீணாகிப் போயிருக்கவும் கூடும். வரிசையில் எந்த ஊசியைத் தவறவிடவே கூடாது என்று கேட்டால், 16 வாரத்தில் போடும் கடைசி ஊசி என்பேன். அதன் பின்னர் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் மீண்டும் ஒன்று. மக்கள் நிறுத்திவிடுவதோ முதலாவதோடு.

விற்பவர் தரும் அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் பேணப்பட வேண்டும். மின்சாரம் நின்று நின்று வந்த குளிர்சாதனப் பெட்டியில் மீன் பொதியோடு கிடந்த மருந்து தண்ணீருக்குச் சமன். குப்பியில் உள்ள தொகுதி இலக்கத்தோடு கூடிய ஒட்டுத்தாளும், போட்ட மிருக வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் இல்லாத அட்டையை வெற்று அட்டையாகவே நான் கணக்கெடுப்பேன். அப்படியே நீங்களும் கணக்கெடுங்கள்.

பார்வோ பற்றி இன்னும் ஒன்று. 1978 இல் உலகெங்கும் நாய்களிடையே திடீரெனப் பரவிய இந்த வைரசு, நாயின் உடலுக்கு வெளியே மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும். வெயிலில் காயும் முற்றத்தில் விரைவாக அழியும். எங்கள் வளவுகளில் கிணற்றடித் தண்ணீர் போய்ச் சேரும் வாழைப்பாத்தி போன்ற நிழலும் ஈரமுமான மண்ணில் நெடுநாள் கிடக்கும். செருப்பில் வரும், கையில் வரும், ஓட்டோவின் தரையில் வரும். வாசனைக் கிருமிநீக்கி ஊற்றிக் கழுவினால் வாசனை மட்டுமே மிஞ்சும். சீமெந்துத் தரையை முதலில் சவர்க்காரமிட்டுக் கழுவி, பின்னர் துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடவேண்டும். மண்ணை அப்படிச் சுத்திகரிக்க வழியில்லை. ஆகவே ஒரு குட்டி கழிச்சலில் இறந்த வீட்டுக்கு, பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அடுத்த கிழமையே இன்னொன்றைக் கொண்டுவராதீர்கள். ஓராண்டு பொறுங்கள், பொறுக்க முடியாவிட்டால், ஊசி வரிசை முழுவதும் முடிந்த வளர்ந்த நாயைக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது வாங்கும் வயது. சின்னனிலேயே எடுத்தால்தான் எங்களோடு பழகும் என்று நம்பி, 4, 5 வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்து வருகிறார்கள். விற்பவருக்கு அது இலாபம், ஏனெனில் தீன் செலவு மிச்சம். குட்டிக்கு அது பெரும் நட்டம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு நோகும் என்பதை அது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் கிடைக்காத குட்டி வளர்ந்து உங்கள் பேரப்பிள்ளையின் கையைக் கடிக்கும்போது, “கெட்ட சாதி” என்று அதைக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிடுகிறீர்கள். 8 வாரத்துக்கு முன்னர் தருபவரிடம் வாங்காதீர்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடமும் வாங்காதீர்கள்.

உணவில் நடக்கும் பிழைகள் அன்பினால் நடப்பவை என்பதால் அவற்றைக் கண்டிப்பது கடினமாக இருக்கிறது. பசுப்பால் பெரும்பாலான குட்டிகளுக்குச் செமிக்காது, கழிச்சலைத்தான் தரும். வெறும் சோறும் மீன் தண்ணியும் தின்று வளரும் பெரிய இனக் குட்டிக்குக் கால்கள் வளைந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து மருந்துக்கடையில் கல்சியம் வாங்கித் தாங்களாகவே கொடுப்பவர்கள், பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியை வேறு விதமாகக் கெடுத்துவிடுகிறார்கள். குட்டிகளுக்கென்று தயாரித்த உணவு விலைதான். முடியாதவர்கள் முட்டை, இறைச்சி, மீன் சேர்த்து வீட்டில் எப்படிச் சமைப்பது என்று எங்களிடம் கேளுங்கள், எழுதித் தருவோம். எங்கள் வீடுகளில் மிஞ்சும் கறிகளில் சின்ன வெங்காயம் இல்லாத கறி அரிது; வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும். முந்திரிகைப் (திராட்சைப்) பந்தல் உள்ள வளவுக்காரர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்: முந்திரிகைப்பழம், உலர்த்தியதாக இருந்தாலும் சரி, சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாட்களிலேயே பழுதாக்கிவிடும். அவித்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். காய்ச்சலென்று நினைத்து உங்கள் பரசிற்றமோலைக் கொடுக்கவே வேண்டாம்.

பூச்சி மருந்து, தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வட்டப்புழு தொற்றிவிடுவதால், 2 வார வயதிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை 12 வாரம்வரையும், பின்னர் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறையும் கொடுக்கப்பட வேண்டும். அந்தப் புழுவின் முட்டைகள் முற்றத்து மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் வயிற்றுக்குள்ளும் போகும். உண்ணிக்குக் கழிவு ஓயில், மண்ணெண்ணெய் பூசுவதை இன்றோடு நிறுத்துங்கள். தோல் வெந்து, நக்கியதால் நுரையீரலும் கெட்டு வரும் குட்டிகளைப் பார்க்க எங்களுக்குச் சகிக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நீங்கள் அனுப்பும் காசு குட்டியின் விலைக்குப் போதும். அதை வளர்க்க வேண்டியவர்கள் உங்கள் தாயும் தகப்பனும். முதல் கிழமைகளில் அது இரவிரவாக அழும். சிறுநீர் கழிக்க இரவில் இரண்டு தடவையாவது வெளியே கொண்டுபோக வேண்டும். நான்கு மாதத்தில் பாற்பற்கள் விழத் தொடங்கும்போது கதிரைக் கால், செருப்பு, சேலைத் தலைப்பு எல்லாவற்றையும் கடிக்கும். ஒரு வயதில் 30 கிலோ நிறையோடு கேற்றடிக்குப் பாயும் லாப்ரடோரின் சங்கிலி முழங்கால் வருத்தம் உள்ள ஒரு மூதாட்டியின் கையில் இருக்கிறது என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், காவலுக்கு வந்த நாய் யாருக்குக் காவல்? அது 10, 12 ஆண்டுகள் வாழும். உங்கள் பெற்றோருக்குத் துணை வேண்டுமென்றால், ஊசி போட்டு, கருத்தடை செய்த, அமைதியான வளர்ந்த ஊர் நாய் ஒன்று எங்கள் வெயிலையும் தாங்கும், அவர்களின் நடை வேகத்துக்கும் ஒத்துவரும்.

ஊசி வரிசை முடியும்வரை குட்டியைத் தெருத் தரையில் விடாதீர்கள் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு, சிலர் அதைக் கூட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறார்கள். கட்டி வைத்தால்தான் கடிக்கிற காவல் நாயாக வரும் என்று வேறு சொல்கிறார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம்வரைதான், உலகத்தில் எது பயமற்றது என்பதைக் குட்டியின் மூளை தீர்மானிக்கிறது. அந்தக் காலத்தில் குடை பிடித்த மனிதரையும், ஓட்டோச் சத்தத்தையும், கோவில் ஒலிபெருக்கியையும், சின்னப் பிள்ளைகளையும் காணாத நாய், பின்னர் எல்லாவற்றுக்கும் அஞ்சி, அந்த அச்சத்தில் தபால்காரரையும் கடிக்கும், வீட்டாரையும் கடிக்கும். தெருவில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு படலையடியில் நின்று காட்டுங்கள். ஊசி போட்ட, நோயற்ற நாய் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

குட்டி கடித்தால் ஒன்றும் செய்யாது என்ற பேச்சும் நிற்கவேண்டும். விசர்நாய் நோய் குட்டிகளுக்கும் வரும், குட்டியின் கடியாலும் கீறலாலும் மனிதருக்குத் தொற்றும், அறிகுறி தோன்றிய பின் காப்பாற்ற மருந்து இல்லை. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருப்பதற்கு நாய்களுக்குப் போடும் தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையும் முக்கிய காரணங்கள். மூன்று மாதம் நிறையாத குட்டிகளுக்கும் இவ்வூசி போடப்பட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இளவயதில் போட்டதைச் சில மாதங்களில் மீளப் போட்டு, பின் ஆண்டுதோறும் தொடருங்கள். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் எங்கள் மாவட்டத்தில் உயிர்களைப் பறித்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். நாய்களுக்கும் வரும், அவற்றின் சிறுநீரால் பரவவும் கூடிய நோய் அது. கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான பகுதியும் உண்டா என்று கேட்டுப் போடுவியுங்கள்.

இறுதியாக, குட்டி தீனைத் தொடாமல் சுருண்டு படுத்தாலோ, இரண்டு தடவை வாந்தி எடுத்தாலோ, கழிச்சலில் இரத்தம் கண்டாலோ, அன்றைக்கே வாருங்கள். வைரசைக் கொல்லும் மருந்து எங்கள் கையில் இல்லை. சேலைன் ஏற்றி, வாந்தியை அடக்கி, பிற கிருமிகளைத் தடுத்து, குட்டியின் உடல் தானே மீளும்வரை நாள்கணக்கில் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. முதல் நாள் வந்தவற்றில் பலவற்றைப் பிழைக்க வைத்திருக்கிறோம். வீட்டில் இருந்த மாத்திரைகளைக் கரைத்துப் பருக்கிவிட்டு மூன்றாம் நாள் வந்தவற்றில் மிகச் சிலவற்றையே. புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்துக் கழிச்சல் உள்ள குட்டி என்று சொல்லிவிடுங்கள். அட்டையை எடுத்துக்கொண்டு, குட்டியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். காத்திருக்கும் இடத்தில் தரையில் இறக்காதீர்கள். முதல் ஊசிக்காக வந்திருக்கும் இன்னொருவரின் குட்டி அதே தரையில்தான் நிற்கும்.