வெயில் ஏறும்போது விலகும் சுருதி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வீடுகளில் விடியற்காலையில் 24 பாகை செல்சியசாக இருக்கும் அறை வெப்பம், தகரக் கூரையின் கீழ்ப் பிற்பகலுக்குள் 34 பாகையைத் தொட்டுவிடுவதுண்டு. உறுமி மேளக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர் உதிரிபாகத் தொகுப்பாக (கிட்) வாங்கி, தம் கையாலேயே சாலிடர் செய்து முடித்த மாடுலர் சிந்தசைசரின், அதாவது தனித்தனிப் பகுதிகளை இணைத்து மின்னணு ஒலி எழுப்பும் கருவியின், சுரத்தைப் பிறப்பிக்கும் பகுதியான அலையாக்கி, காலையில் சேர்த்த சுருதியை இந்தப் பத்துப் பாகை வெப்பத்தில் இழக்கக்கூடும்.

அலையாக்கிக்குள் ஒரு மின்தேக்கி சீராக மின்னேற்றம் பெறுகிறது. குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டியதும் சுற்று அதைச் சட்டென வெறுமையாக்க, மீண்டும் ஏற்றம் தொடங்குகிறது. நொடிக்கு 440 முறை இது நிகழ்ந்தால் 440 ஹெர்ட்ஸ் சுரம் பிறக்கும். மின்னோட்டத்தை இரட்டித்தால் மின்தேக்கி இருமடங்கு வேகத்தில் நிறையும், சுரமும் ஒரு ஸ்தாயி உயரும். ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுப்பகுதியில் கொண்டுவந்த யூரோராக் என்னும் மாடுலர் சிந்தசைசர் முறையில், சுரத்தைத் தீர்மானிக்க அலையாக்கிக்குள் வரும் மின்னழுத்தம் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்பது வழக்கம். ஆகவே, மின்னழுத்தம் ஒவ்வொரு வோல்டாகக் கூடும்போது மின்னோட்டம் ஒவ்வொரு முறையும் இரட்டிக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு டிரான்சிஸ்டர் தன் இயல்பாலேயே செய்துவிடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அதன் பேஸ், எமிட்டர் முனைகளுக்கிடையே ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிக்கும். அதனால், உள்ளே வரும் ஒரு வோல்ட்டை இரண்டு மின்தடைகள் 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்கித் தருகின்றன. ஆனால் அந்த 18 நிலையான எண் அன்று, கெல்வினில் அளக்கும் தனிவெப்பநிலையோடு சேர்ந்து வளர்வது. 297 கெல்வினிலிருந்து (24 பாகை செல்சியஸ்) 307 கெல்வினுக்கு (34 பாகை) போகும்போது அது 3.4 விழுக்காடு கூடுகிறது. சுற்று அதே 18 மில்லிவோல்ட்டைத்தான் கொடுக்கிறது என்பதால், ஒவ்வொரு ஸ்தாயியும் ஏறக்குறைய 40 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஐந்தில் இரு பங்கு, குறுகிவிடும். ஸ்தாயிகள் ஏற ஏற இந்தக் குறை சேர்ந்துகொண்டே போகும்.

டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டமும் வெப்பத்தால் மாறுவதால், ஒரே மாதிரியான இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடியாக அமைத்து, ஒன்றின் பிழையை மற்றதைக் கொண்டு நீக்குகிறார்கள். 18 மில்லிவோல்ட் சிக்கலுக்கோ, ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.33 விழுக்காடு தடை கூடும் தனிவகை மின்தடை, சுருக்கும் இரண்டு மின்தடைகளில் தரையோடு (பூஜ்ய மின்னழுத்த முனையோடு) இணைந்ததாக அமைக்கப்படுகிறது. வெப்பத்தோடு அதன் தடை கூட, டிரான்சிஸ்டருக்குப் போகும் மின்னழுத்தமும் தேவையான அளவுக்கே கூடுகிறது. விலை கருதி இதற்குப் பதில் சாதாரண மின்தடையை வைப்பது நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தாத சிக்கனம்.

இந்த மின்தடையைச் சாலிடர் செய்யும்போது அதன் கால்களை வளைத்து, உடல் டிரான்சிஸ்டர் ஜோடியின் மேல் படியுமாறு அமர்த்தி, இடையில் வெப்பக் கடத்துப் பசையைச் சிறிது தடவ வேண்டும். இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால்தான் ஈடுகட்டல் சரியாக நிகழும். பிறகு மின்னிணைப்புக் கொடுத்து, அரை மணி நேரம் சூடேறவிட்டு, 220, 440, 880 ஹெர்ட்ஸ் என ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுரம் சரியாக இரட்டிக்கும்வரை திருகு மின்தடையைச் சிறுகச் சிறுகத் திருப்பிச் சுருதி சேர்க்கலாம்.