பேக்ஹேண்ட் பிடியை மணிக்கட்டிடம் கேளுங்கள்

"டென்னிஸ் பழகி ஓராண்டாகிறது. ஃபோர்ஹேண்ட் நன்றாக வருகிறது. பேக்ஹேண்ட் அடித்தால் மட்டை கைக்குள் சுழன்றுவிடுகிறது, முழங்கையும் வலிக்கிறது. எந்தப் பிடி சரி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வலக்கைக்காரர் வலப்பக்கம் வரும் பந்தை அடிப்பது ஃபோர்ஹேண்ட், இடப்பக்கம் வருவதைப் புறங்கை முன்னே வர அடிப்பது பேக்ஹேண்ட். முதலில் ஒரு சின்னச் சோதனை. பேனா ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை உள்பக்கமாக எவ்வளவு மடங்குமோ அவ்வளவு மடக்குங்கள். மற்ற கையால் அழுத்தியும் உதவலாம். விரல்கள் தளர்ந்து பேனா நழுவப் பார்க்கும். பலசாலிக்கும் அப்படித்தான்.

உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குப் போகின்றன. மணிக்கட்டு உள்ளே மடங்கினால் அந்தத் தசைகள் அப்போதே சுருங்கிவிடுகின்றன. இன்னும் இழுக்க அவற்றுக்கு நீளம் மிச்சமில்லை. போதாததற்கு, புறங்கைப் பக்கத்துத் தசைநாண்கள் விறைத்து விரல்களைத் திறக்கப் பார்க்கின்றன. மணிக்கட்டைச் சற்றே பின்னால் சாய்த்துப் பாருங்கள், பிடி தானாக இறுகும்!

இனி மட்டைக்கு வருவோம். கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள். மட்டையின் முகத்தைச் செங்குத்தாகப் பிடித்தால் உச்சியில் இருப்பது முதல் பட்டை. வலக்கைக்காரருக்கு அதன் வலப்பக்கம் இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். ஆட்காட்டி விரலின் அடிக்கணு மூன்றில் இருந்தால் ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட், இரண்டில் இருந்தால் கான்டினென்டல், ஒன்றில் இருந்தால் ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட். ஒரு பட்டை தள்ளினால் முகம் ஏறத்தாழ 45 டிகிரி திரும்பிவிடும்.

வாசகர் ஃபோர்ஹேண்ட் பிடியை மாற்றாமலே பேக்ஹேண்டும் அடிக்கிறார் என்று நினைக்கிறேன். அப்படிப் பிடித்து, உடலுக்கு முன்னால் பந்தைச் சந்திக்க வேண்டுமானால் மணிக்கட்டை உள்ளே மடக்கியே ஆகவேண்டும். பேனா நழுவிய அதே நிலை! பந்து மட்டையில் கட்டிய நரம்பு இழைகளில் தங்குவது சுமார் 5 மில்லிநொடிதான். மூளை சேதி அனுப்பிப் பிடியை இறுக்குவதற்குள் பந்து போய்விடும். அதிர்ச்சி புறங்கைத் தசைகள் வழியே அவை தொடங்கும் முழங்கையின் வெளிப்புறத்துக்குப் போகிறது. டென்னிஸ் எல்போ வலிக்கும் இடம் அதுவே. நரம்புகளுக்கிடையே செருகும் ரப்பர்த் துண்டு இதைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது நரம்பின் ஓசையைத்தான் அடக்கும், சட்டத்தின் அதிர்வை அல்ல. வலியோடு இருப்பவர்களிடம் அதை மருந்துபோல விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

ஒருகை பேக்ஹேண்டுக்கு முதல் பட்டையில் தொடங்குங்கள். உள்ளங்கை கைப்பிடியின் மேல் அமர்வதால் மணிக்கட்டை மடக்காமலே முகம் நேராக நிற்கும். பந்து தோள் உயரத்துக்கு எகிறும் ஆடுகளங்களில் கை உயர உயர முகம் வானம் பார்க்கும். அதை ஈடுகட்டச் சிலர் எட்டாம் பட்டைப் பக்கம் நகர்கிறார்கள். ஆனால் தாழ்ந்த பந்தை அந்தப் பிடியில் தூக்குவது கடினம். பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி அடிக்கும் ஸ்லைஸுக்குக் கான்டினென்டல் போதும், முகம் லேசாகத் திறந்திருப்பதே அங்கே தேவை.

இருகைப் பிடியில் வலக்கை கான்டினென்டலில் நிற்க, மேலே உள்ள இடக்கை தன் பங்குக்கு ஒரு ஃபோர்ஹேண்ட் அடிக்கிறது. 1970-களில் முன்னணி ஆட்டக்காரர்களான போர்க், கானர்ஸ், கிறிஸ் எவர்ட் மூவரும் புகழ்பெறச் செய்த முறை இது. முழங்கை ஏற்கெனவே வலிப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சுமையை இரண்டு கைகள் பகிர்ந்துகொள்ளும்.

எதைத் தேர்ந்தாலும், பிடியை மாற்றுவது இடக்கையின் வேலை. பந்துக்குக் காத்திருக்கும்போது அது மட்டையின் கழுத்தைப் பிடித்திருக்கட்டும். பந்து பேக்ஹேண்ட் பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் வலக்கையைத் தளர்த்தி, தோள் திரும்பும்போதே இடக்கையால் மட்டையைத் திருப்புங்கள். முதலில் பந்தில்லாமல், கைப்பிடியைப் பார்க்காமல் பழகுங்கள்.