கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகாது

மழை பிடித்ததும் யாங்கோன் ஆய்வகங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் வரத் தொடங்கிவிடும், பெரும்பாலும் பழைய சோடா பாட்டிலில். அடியில் சர்க்கரைப் பிசுக்கு ஒட்டியிருக்கும், மூடியின் உட்புறத்தை விரலால் துடைத்திருப்பார்கள். முந்தின நாள் மதியம் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தண்ணீர். "சயா (பர்மியத்தில் ஐயா), எல்லாத்தையும் பார்த்துச் சொல்லுங்க." எதைப் பார்ப்பது? அதில் கிருமி தெரிந்தால் அது கிணற்றுக் கிருமியா, பாட்டில் கிருமியா என்று எவராலும் சொல்ல முடியாது.

சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் ஒன்று இருக்கிறது. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அதையும் காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பது. காய்ச்சினால் கிருமி சாகும், அவ்வளவுதான். குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கால் மணி நேரம் அடுப்பில் வைத்து வற்றவிடுவதால் கூடுதலாக ஒன்றும் சாகப்போவதில்லை. ஆனால் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் விஷமான ஆர்சனிக் உயிரில்லாத பொருள். கொதிக்க வைத்தால் ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆர்சனிக் பானையிலேயே தங்கிவிடும். இரண்டு லிட்டரை ஒரு லிட்டராக வற்றவிட்டால் விஷம் இரட்டிப்பாகும். உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் கிணற்றில் சேரும் நைட்ரேட்டும் அப்படித்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் அந்தக் குழந்தைக்கு ஆகாது. படிகாரமும் இந்தக் கதைதான். கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்துவிட்டது என்பதற்காக அப்படியே குடித்துவிடாதீர்கள்.

ஆர்சனிக்குக் கண்ணுக்குத் தெரிகிற நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஐராவதி டெல்டாவில், ஹிந்தாடா பக்கமெல்லாம், குழாய்க் கிணறுகளில் இது கண்டறியப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பல வருடம் குடித்த பிறகுதான் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகும், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் புள்ளிகள் விழும். அதற்குள் காலம் கடந்திருக்கும். "பக்கத்து வீட்டுக் கிணத்தைச் சோதிச்சாச்சு, நல்லா இருக்காம்" என்று வருபவர்களுக்கு: இருபதடி தள்ளிப் போட்ட இரண்டு குழாய்களில் ஒன்று சுத்தமாகவும் மற்றது விஷமாகவும் இருப்பது சாதாரணம். குழாயின் அடியில் தண்ணீர் நுழையும் வடிகட்டியை இறக்கிய ஆழமும் அங்குள்ள மண் அடுக்கும் மாறினால் போதும். உங்கள் கிணற்றுக்கு உங்கள் சோதனைதான்.

இரும்பு வேறு கதை. பம்பு அடிக்கும்போது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரத்தில் வாளியில் செம்மஞ்சளாகிறதா? பச்சைத் தேயிலை போட்டால் மை மாதிரிக் கறுக்கிறதா? அது இரும்பு. வேட்டி கெடும், குடல் கெடாது. காற்றுப் படும்படி கொட்டவிட்டு, படியவைத்து, மணலில் வடித்தால் பெரும்பகுதி நீங்கும். படியும் இரும்பு கொஞ்சம் ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வடித்த தண்ணீரையும் சோதிக்க வேண்டும். கடைக்காரர் தலையில் கட்டும் கரி வடிகட்டி ஆர்சனிக்கைப் பிடிக்காது. ஆர்.ஓ. மெஷின் பெருமளவு பிடிக்கும், ஆனால் இரும்புத் தண்ணீரை நேரே விட்டால் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாத நேரத்தில் அது வெறும் பெட்டி. டெல்டாவில் ஆர்சனிக் உறுதியானால், குடிக்கவும் சமைக்கவும் மழைத் தண்ணீரைப் பிடித்துவைப்பதுதான் சிக்கனமான வழி. முதல் மழையில் கூரை கழுவிய தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். குழாயில் மாட்டியிருக்கும் துணியையும் ரப்பரையும் கழற்றி, வாயைச் சுடர் காட்டிச் சுட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பாட்டிலின் விளிம்பில் விரல் படக்கூடாது, மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட்டால் நல்லது. மலம் கலந்ததைக் காட்டும் கிருமியான ஈ.கோலை 100 மில்லியில் பூஜ்யமாக இருக்க வேண்டும். "ஒண்ணு ரெண்டுதானே" என்ற பேச்சே வேண்டாம். ஆர்சனிக்குத் தனி பாட்டில், அது தனிச் சோதனை.

ஈ.கோலை வந்தால் முதலில் கிணற்றைச் சுற்றி நடந்து பாருங்கள். கக்கூஸ் குழி குறைந்தது நூறடி தள்ளி இருக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. நாற்பதுக்கு அறுபது மனையில் அது எங்கே நடக்கும், பக்கத்து வீட்டுக் குழியும் சுவரை ஒட்டித்தானே இருக்கிறது? ஆகவே குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடைப்பது, உறைக் கிணறானால் மேல் உறைகளின் மூட்டைப் பூசுவது, வெளிச்சரிவோடு தளம் போடுவது, மூடி வைப்பது, இவற்றைச் செய்யுங்கள். விரிசலை விட்டுவிட்டு மருந்து மட்டும் போட்டால் அடுத்த மழையில் மறுபடியும் வந்துவிடும்.

பிறகு குளோரின். உறைக் கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 22ஆல் பெருக்குங்கள். அளவெல்லாம் அடியில், விடை லிட்டரில். நாலடி விட்டம், ஆறடித் தண்ணீர் என்றால் சுமார் 2,100 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்க 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் 350 கிராம் வேண்டும். திறந்து வைத்துக் கட்டிதட்டிய பவுடர் வேலைக்கு ஆகாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, வாளியால் கலக்கி, உட்சுவரையும் நனையுங்கள். எல்லாக் குழாயையும் வாசனை வரும்வரை திறந்து மூடிவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் யாரும் தொடாதீர்கள். பின் வாசனை அடங்கும்வரை இறைத்துக் கொட்டுங்கள், மீன் குளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட்டை ப்ளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். தயவு செய்து யாரையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள்.

மறுசோதனை ஒரு வாரம் கழித்து, குளோரின் வாசனை சுத்தமாகப் போன பிறகு. மறுநாளே சோதித்துப் 'பாஸ்' என்று காகிதம் வாங்கினால் அது குளோரினுக்குக் கிடைத்த பாஸ். அறிக்கை வரும்வரை தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். அந்த வாரத்திலேயே மேல்தொட்டியையும் இறக்கிக் கழுவுங்கள்: கிணற்றைச் சுத்தம் செய்துவிட்டுப் பாசி பிடித்த தொட்டியில் ஏற்றுபவர்கள்தான் "மருந்து போட்டும் போகல, சயா" என்று திரும்ப வருகிறவர்கள்.