வேலை போனவருக்கு மூச்சுப் பயிற்சி போதுமா?

கோவிட் பரவிய முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தெரிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பெண்களும் இளைஞர்களும். கிருமி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அது கூடவே கொண்டுவந்த வேலையிழப்பும், பள்ளி மூடலும், வீட்டுக்குள் நடந்த வன்முறையும் எல்லோர் தலையிலும் ஒரே அளவில் விழவில்லை.

மனம் சரியில்லை என்றால் மூச்சுப் பயிற்சி செய், மனதை உறுதியாக வைத்துக்கொள் என்று சொல்வது எளிது. ஆனால் வாடகை பாக்கியை நினைத்துத் தூங்காமல் புரள்கிறவரின் மூளையில் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆபத்து என்றால் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து உடலை உஷார்ப்படுத்தும், ஆபத்து விலகியதும் அடங்கிவிடும். பாக்கிதான் விலகுவதில்லையே! மாதக்கணக்கில் உஷாராகவே இருக்கும் உடலில் தூக்கம் கெடுகிறது, எரிச்சல் கூடுகிறது, நிதானமாக யோசிப்பதும் கடினமாகிறது.

ஒரு நெருக்கடி உடலை எவ்வளவு பாதிக்கும் என்பதில் இரண்டு விஷயங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்து என்ன வரும் என்று தெரிவது ஒன்று, அதை மாற்ற நம்மால் முடிவது இன்னொன்று. ஜே வைஸ் என்ற உளவியலாளர் எலிகளுக்கு ஒரே அளவு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். முன்னெச்சரிக்கை ஒலி கேட்ட எலிகளுக்கும், சக்கரத்தைச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலிகளுக்கும் வயிற்றுப் புண் குறைவாகவே வந்தது. ஊரடங்கு எப்போது முடியும், சம்பளம் வருமா என்று தெரியாத நாட்களில் மனிதர்கள் இழந்தது இந்த இரண்டையும்தான்.

அப்படியென்றால் சூழலை மாற்றினால் மனநிலை மாறுமா? இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்குப் பணமாக உதவி கொடுத்த திட்டம் தற்கொலைகளைச் சுமார் 18 சதவீதம் குறைத்ததாக ஓர் ஆய்வு காட்டுகிறது. ஜப்பானில் 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை தற்கொலை விகிதம் 14 சதவீதம் குறைந்தது. அரசின் உதவித்தொகை, குறைந்த வேலை நேரம், பள்ளி மூடல் எல்லாம் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். அப்புறம் ஜூலை முதல் அக்டோபர் வரை 16 சதவீதம் ஏறியது. பெண்களிடையே அந்த ஏற்றம் 37 சதவீதம். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், தனி மனிதர்களின் மனவுறுதி சில மாதங்களில் இப்படி மேலும் கீழும் போகாது.

சரி, பணம் கொடுப்பது அரசின் வேலை, உளவியலுக்கு இதில் என்ன இடம்? நெருக்கடிக் கால மனநல உதவியை 2007-இல் வந்த சர்வதேச வழிகாட்டி ஒரு பிரமிடாக வரைந்தது. உணவும் பாதுகாப்பும் அடித்தளம், குடும்பமும் சமூகமும் அதற்கு மேல், நிபுணர் சிகிச்சை உச்சியில். என் பார்வையில், உளவியலாளர்கள் அந்த உச்சியிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. உதவித்தொகை வரும் தேதியை முன்பே சொல்லுங்கள், விண்ணப்பத்தைச் சுருக்குங்கள் என்று கேட்பதும் உளவியல்தான். தெரியாமை குறைந்தால் அந்த உஷார் நிலையும் கொஞ்சம் தணியும்.

பேச்சு சிகிச்சை வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் உள்ளூர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். ஆறுதலோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. இருக்கும் பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரோடு சேர்ந்து திட்டம் போடுகிறார்கள். இந்த முறையில் மனச்சோர்வு குறைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. பெஞ்சிலிருந்து எழுந்தவர்களுக்கு ஒரு குழுவும் இருக்கிறது. அங்கே சேர்ந்து பை பின்னி விற்கிறார்கள், கையில் கொஞ்சம் காசும் வருகிறது.