தீவுக் கடலில் மூச்சு வாங்கினால்: புதுச்சேரி மருத்துவர் ஒருவரின் வேண்டுகோள்

சென்ற வாரம் கடலூர் முதுநகரிலிருந்து 61 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மகள் எங்களிடம் அழைத்து வந்தார். மூன்று நாட்களாக இருமல், படுத்தால் மூச்சு முட்டுகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்றார்கள். மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்திருக்கிறார். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 91 என்று காட்டியது. ரத்த அழுத்தம் 190க்கு 110 இருந்தது. மகள் தம் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை காய்ந்த தடம் அதில் இருந்தது. இது எப்போது வந்தது என்று கேட்ட பிறகுதான், குடும்பத்தோடு அந்தமானுக்குப் போயிருந்ததும், படகில் அழைத்துச் சென்று பவளப்பாறை காட்டும் பயணத்தில் அவர் ஸ்நார்கெலிங் (வாயில் மூச்சுக் குழாயைக் கவ்வி, முகத்தை நீருக்குள் வைத்துக் குப்புற மிதந்தபடி பார்ப்பது) செய்ததும், படகில் ஏற்றியபோது இருமலோடு அந்த நுரை வந்ததும் தெரிந்தது.

அன்றைய காணொளி மகளின் கைப்பேசியில் இருந்தது. படகிலிருந்து முப்பது முழத் தொலைவில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டோடு அவர் குப்புற மிதக்கிறார். வலது கை ஒரு முறை உயர்ந்து, விழுந்து, மறுபடியும் உயர்கிறது. "அப்பா டாட்டா காட்டுறாரு பாரு" என்று படகில் யாரோ சிரிக்க, எல்லோரும் பதிலுக்குக் கையசைக்கிறார்கள். வாயில் குழாய் இருந்ததால் பேச வழியில்லாமல், தன்னைத் தூக்கச் சொல்லி அவர் கேட்ட விதம் அது. அதை எங்களுக்குப் போட்டுக் காட்டும்போது அந்தப் பெண்ணின் கை நடுங்கியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூச்சுத் திணறுகிறவர் கூச்சலிடுவார், தண்ணீரை அடிப்பார் என்றே நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம். உண்மையில் கூச்சலிடுவதற்கு வேண்டிய மூச்சே அவரிடம் இருப்பதில்லை.

"அவருக்குப் பயம் டாக்டர், அதான் மூச்சு வாங்கிடுச்சு" என்றார் அவருடைய மனைவி. படகில் வந்த வழிகாட்டியும் அதையே சொல்லி, பயம் தெளிந்ததும் இன்னொரு முறை இறங்கலாம் என்று தைரியம் கூறியிருக்கிறார். இந்த விடுமுறைக் காலத்தில் இதே வார்த்தையை நான் கேட்பது இது மூன்றாவது முறை. மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், மூவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு, மூவரையும் சுற்றியிருந்தவர்கள் பயந்துவிட்டார் என்றே முடிவு கட்டினார்கள். பொறுமையிழந்துதான் இதை எழுதுகிறேன்.

பயத்தால் வரும் மூச்சு வாங்கல் எப்படியிருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் இறங்கிய உடனே வரும், நெஞ்சு படபடக்கும், படகின் ஏணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் தணிந்துவிடும். அதில் இருமல் கிடையாது, நுரை கிடையாது. இந்தப் பெரியவருக்கு நேர்ந்ததோ, சிறிது நேரம் நிம்மதியாக மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, திடீரென்று உள்ளிழுக்கும் காற்று போதாததுபோல் தோன்றி, கால்கள் துவண்டு, தொண்டைக்குள் ஏதோ கொப்பளிப்பதுபோல் இருமல் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. மூச்சு முட்டினால் எந்த மனிதனுக்கும் பயம் வரும். அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டு அதுவே காரணம் என்று சொல்வது, காய்ச்சல்காரர் போர்த்தியிருக்கும் போர்வையைக் காட்டி, இதனால்தான் உடம்பு சுடுகிறது என்பதைப் போன்றது.

கடல் நீர் ஒரு சொட்டும் வாய்க்குள் போகாமலேயே நுரையீரலில் நீர் கோக்க முடியும் என்பதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துவரை நீரில் இருக்கும்போது கை கால்களில் தங்கும் ரத்தத்தில் ஏறத்தாழ 700 மில்லி மார்புக்குள் தள்ளப்படுகிறது. இளம் இதயம் அதைச் சமாளித்துவிடும். பல ஆண்டு ரத்த அழுத்தத்தால் சுவர் தடித்து இறுகிப்போன இதயத்துக்கு அது எளிதன்று. அதோடு, குறுகலான ஒரு குழாய் வழியாகக் காற்றை இழுக்கிறோம். ஒவ்வொரு முறை வலிந்து இழுக்கும்போதும் மார்புக்குள் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகி, நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீரைக் காற்றறைகளுக்குள் இழுக்கிறது. கைக்குட்டையில் இருந்த நுரை அதுதான். அது அவருடைய உடம்பின் நீர். கடற்படைப் பயிற்சியில் நீந்திய திடகாத்திரமான இளைஞர்களுக்கும் இது வந்திருப்பதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. குளிர்ந்த நீரில் வாய்ப்பு அதிகம் என்றாலும், அந்தமான், மாலத்தீவு போன்ற இடங்களின் வெதுவெதுப்பான நீரில் வராது என்று எண்ண வேண்டாம்.

ஹவாய்த் தீவுகளில் சுற்றுலா வந்தவர்கள் கடலில் இறக்கும் நிகழ்வுகளில் ஸ்நார்கெலிங்தான் முதலிடத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம் தேடி அங்கே நடத்திய ஆய்வு, தண்ணீர் குடித்துத் தத்தளிக்காமல் அமைதியாக உயிரிழந்தவர்கள் பலருக்கும் நான் மேலே சொன்ன வகையில் நுரையீரலில் நீர் கோத்திருக்கக்கூடும் என்று கருதியது. குழாய் வழியாகக் காற்றை இழுப்பதில் உள்ள தடை, இதய நோய், நீரில் உடலை வருத்தி நீந்துவது ஆகிய மூன்றையும் அது முக்கியமாகக் குறிப்பிட்டது. நெடுந்தூர விமானப் பயணம் முடிந்த கையோடு இறங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் எழுப்பியது. அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

நீச்சல் தெரியும் என்ற துணிச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கெடிலத்துல வெள்ளம் வந்தப்பவே நீந்தினவன் நான்" என்றார் பெரியவர். நம்புகிறேன். ஆனால் கெடிலத்தில் நீந்தியபோது அவருக்குப் பதினாறு வயது, ரத்த அழுத்தம் இல்லை, வாயில் குழாயும் இல்லை. நீச்சல் தெரியாதவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகருகே நிற்கும்போது, தெரிந்தவர்தான் நீரோட்டத்தை எதிர்த்துத் தொலைவுக்குப் போகிறார். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் அலையில் விளையாடிப் பழகியவர்களுக்கு அலையைத் தெரியும். அலையே இல்லாத, குளம்போலக் கிடக்கும் தீவுக் கடலுக்குள் ஓடும் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது மாத்திரை. இந்தப் பெரியவர் மூன்று நாட்களாக ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தார். அதில் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்திருப்பதாலும், படகில் கழிப்பறை இருக்காது என்று கேள்விப்பட்டதாலும் தாமாக எடுத்த முடிவு அது. இது எத்தனை பேர் செய்கிற காரியம் என்பதை நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு அறிந்திருக்கிறேன். படகுப் பயணம் இருக்கிறது, மாத்திரையை எந்த நேரத்தில் போடலாம் என்று புறப்படுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் நாங்கள் மாற்றித் தர மாட்டோமா? சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்கள், வாந்தி வரும் என்று காலை உணவைத் தவிர்த்துவிட்டு மருந்தை மட்டும் எடுத்துக்கொள்ளவே கூடாது. நடுக்கடலில் சர்க்கரை இறங்கினால் அதையும் பயம் என்றுதான் சொல்வார்கள். வாந்தி மாத்திரை தூக்கத்தைத் தரும். அதை விழுங்கிவிட்டு இறங்குவதற்கு முன் உங்கள் விழிப்பு எப்படியிருக்கிறது என்று பாருங்கள். முந்தைய இரவு மது அருந்தியவர் மறுநாள் காலை படகிலேயே உட்கார்ந்திருக்கட்டும். இதில் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கைப் பலர் இணையத்தில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மூக்காலேயே மூச்சு விடலாம், பழக்கம் வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. வெளிவிட்ட காற்று உள்ளே தங்காமல் பிரித்து வெளியேற்றும் தடுப்பிதழ்கள் அதில் சரியாக வேலை செய்ய வேண்டும். மலிவான போலிகளில் அவை சரியாக மூடுவதில்லை. விட்ட காற்றையே திரும்ப இழுத்தால் தலைவலியும் மயக்கமும் வரும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறொன்று: சாதாரணக் குழாயை மூச்சு முட்டினால் ஒரு நொடியில் துப்பிவிடலாம்; இதையோ, பின்னந்தலையில் இறுக்கியிருக்கும் பட்டையைக் கழற்றினால்தான் எடுக்க முடியும். ஐம்பதைக் கடந்தவர்கள் இதை அணிய வேண்டாம் என்றே நான் சொல்லி வருகிறேன். சாதாரணக் குழாயிலும் குறுகலானதை ஒதுக்குங்கள். கரையில் நின்று வாயில் வைத்து வேகமாக இழுத்துப் பாருங்கள். இழுக்கச் சிரமமாக இருந்தால் வேறு கேளுங்கள்.

லைஃப் ஜாக்கெட் உடம்பை மிதக்க வைக்கும். குப்புறக் கிடந்து நினைவிழந்தவரின் முகத்தைத் திருப்பி மேலே கொண்டுவரும் வேலையை எல்லா ஜாக்கெட்டும் செய்யாது. ஸ்நார்கெலிங்குக்கென்று தரும் மெல்லிய ஊதும் அங்கிகளிடம் அதை எதிர்பார்க்கவே முடியாது. ஆகவே ஜாக்கெட் இருக்கிறது என்பதற்காகப் பெரியவர்களைத் தனியே மிதக்க விடாதீர்கள். ஒருவர் இறங்கினால் இன்னொருவர் படகில் நின்று அவரை மட்டும் பார்க்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பதைப் பார்ப்பதாகக் கருதக் கூடாது. நலமாக இருக்கிறேன் என்பதற்குக் கையைத் தலைமேல் வைப்பது, உதவி வேண்டும் என்பதற்குக் கையை உயர்த்தி அசைப்பது என்று இறங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று கையசைப்பின் பொருள் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால் அவர் சில நிமிடங்கள் முன்னதாகவே படகுக்கு வந்திருப்பார்.

முதலில் கால் ஊன்றும் ஆழத்தில் பழகுங்கள். வழிகாட்டியிடம் ஒருவர் எத்தனை பேரைக் கவனிக்கிறார், படகில் ஆக்சிஜன் உருளை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூச்சு கொஞ்சம் மாறினாலும் குழாயைத் துப்பிவிட்டு, மல்லாந்து, கையைத் தூக்குங்கள். காசு கொடுத்தாயிற்றே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று தயங்காதீர்கள். படகில் ஏற்றியவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், அன்றைக்கு மறுபடியும் இறக்காதீர்கள்.

நினைவும் மூச்சும் இல்லாதவரை என்ன செய்வது என்பதிலும் பழைய வழக்கங்கள் விட்டபாடில்லை. வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், குப்புறப் போட்டு முதுகில் குத்துவதும் நேரத்தைத்தான் விழுங்குகின்றன. வயிற்றிலிருப்பது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போகவும் செய்யும். மல்லாக்கப் படுக்க வைத்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பிறகு 30 முறை மார்பை அழுத்தி, 2 மூச்சு என்று விடாமல் தொடர வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது இதைக் கற்றுக்கொண்டு புறப்படுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறீர்கள். மூச்சு விடத் தூண்டுவது கரியமில வாயு. அதை முன்பே வெளியேற்றிவிட்டால், ஆக்சிஜன் தீர்ந்து மயங்கும்வரை உடம்பு எச்சரிக்காது. பவளப்பாறையைத் தொட்டுப் படம் எடுப்பதற்காக வழிகாட்டி உங்களைக் கீழே அழுத்தும்போது காது வலித்தால், உடனே மேலே வாருங்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. செவிப்பறை கிழிவதற்குச் சில மீட்டரே போதும். சளி பிடித்திருந்தால் மூழ்கவே வேண்டாம். கிழிந்த காதில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டும் வராதீர்கள்.

50 வயதைக் கடந்தவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், முன்பு ஒருமுறை நீரில் இப்படி மூச்சு முட்டியவர்கள் ஆகியோர் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். பெரியவரின் எக்கோ படத்தில் இடது கீழறையின் சுவர் தடித்திருந்தது. மருந்துகளை ஒழுங்குபடுத்திய பிறகு நான்காம் நாள் ஆக்சிஜன் இல்லாமலேயே அளவு 97க்கு வந்தது. அடுத்த ஆண்டு மாலத்தீவுக்கு அழைத்திருக்கிறார்கள், போகலாமா என்று வீட்டுக்குப் புறப்படும்போது கேட்டார். போங்கள், ஐயா, அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்து மீன்களைப் பாருங்கள், குழாயைத் தொடாதீர்கள் என்றேன்.

தீவுப் பயணம் முடிந்து ஊர் திரும்பியவருக்கு இருமலோ மூச்சு வாங்கலோ இருந்தால், அன்றே மருத்துவரிடம் வந்து, கடலில் இறங்கியதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு செய்தி தெரியாததால்தான் பெரியவர் மூன்று நாள் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தார்.