இரண்டு கம்பெனி, ஒரே கம்பம்

போன மாதம் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். நெட் மோடத்தில், ஒயரில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. "ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதானே தம்பி ரெண்டு கம்பெனியில நெட் வாங்கினேன், ரெண்டும் சேர்ந்தே போயிடுச்சே" என்றார் வீட்டுக்காரர். மாடியில் ஏறிப் பார்த்தேன். இரண்டு ஒயரும் ஒரே கம்பத்திலிருந்து, ஒரே டேக்கால் சேர்த்துக் கட்டி வந்திருந்தன. தெருவில் மரக்கிளை விழுந்ததில் இரண்டும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன.

வீடுகளுக்கு நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை ஒயரான பைபரை ஒட்டும் வேலையில் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. "எந்தக் கம்பெனி நல்லது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தெரு என்று நான் திருப்பிக் கேட்பேன். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், ஏசிடி என்று பெயர்கள் வரிசையாக இருந்தாலும், உங்கள் வாசல் வரை ஒயர் இழுத்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். பல இடங்களில் பழைய கேபிள் டிவிக்காரரே இரண்டு கம்பெனிக்கும் ஏஜென்ட். கம்பெனியை மாற்றினாலும் பழுது பார்க்க வருவது அதே ஆள்தான். செல்போனில் 2011 முதல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம். பைபரில் மாற வேண்டுமென்றால் புது ஒயர் இழுக்க வேண்டும். அதனால் இணைப்பு வாங்கும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டில் கேளுங்கள்: போன முறை ஒயர் அறுந்தபோது எத்தனை மணி நேரத்தில் சரியானது? ராத்திரி ஒன்பது மணிக்கு வேகம் எப்படி? வீடுகளுக்குப் பரவலாகத் தரும் ஜிபான் முறையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை ஒரு ஒயரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்குப் பின்னால் கம்பெனி எவ்வளவு பேண்ட்வித் வாங்கி வைத்திருக்கிறது என்பது ராத்திரியில்தான் தெரியும்.

இணைப்பு கொடுக்க வருபவரிடம் பவர் மீட்டரில் ஒயரில் வரும் ஒளியின் அளவு காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். மைனஸ் 20 டிபிஎம்மை ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்று காட்டினால் கட்டிலுக்குப் பின்னால் ஒயர் கொஞ்சம் மடங்கினாலே நெட் போய்விடும். அப்போதே மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் பணம். 499 என்று விளம்பரம் இருந்தால் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 589 ரூபாய் ஆகும். தள்ளுபடிக்காக முதல் மாதமே ஒரு வருடப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். மூன்று மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள். புகார் செய்தால் எண்ணை எழுதி வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது அடுக்குமாடிகள்தான். சங்கம் ஒரே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, ஒயர் போகும் குழாய்ப் பாதையான டக்ட்டில் வேறு யாரையும் விடுவதில்லை. நூறு குடும்பம் ஒருவரையே நம்பிக் கிடக்கிறது. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்குத் தரமதிப்பீடு வழங்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் விதிமுறை கொண்டுவந்தது. அதைச் சொல்லி அடுத்த சங்கக் கூட்டத்தில் டக்ட் விஷயத்தைக் கேளுங்கள்.

மடிப்பாக்கத்துக்காரருக்கு அன்றே ஒரு ஒயரை ஒட்டிக்கொடுத்தேன். இரண்டாவதைப் பின்தெருக் கம்பத்திலிருந்து இழுத்திருக்கிறோம்.