மீன்தொட்டிக் கண்ணாடியின் கனத்தை முடிவு செய்வது லிட்டர் அல்ல

வீட்டிலேயே மீன்தொட்டி செய்ய நினைத்து, கட்டமைப்புப் பொறியாளன் என்பதால் என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் தொட்டியின் கொள்ளளவை லிட்டரில் சொல்லிவிட்டு, அதற்கு எத்தனை மி.மீ. கண்ணாடி போதும் என்று கேட்கிறார்கள். லிட்டரை மட்டும் வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. சுவரில் நீர் தரும் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரையுள்ள அகலத்தை ஒன்றரை அடியிலிருந்து மூன்றடியாக்கினால் கொள்ளளவு இரட்டிப்பாகும், ஆனால் முன்கண்ணாடி தாங்கும் விசை ஒரு கிராம்கூட அதிகரிக்காது.

கணக்கு எளிது. ஒவ்வொரு செ.மீ. ஆழத்துக்கும் ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஒரு கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் சேர்கிறது. நான்கடி நீளமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டியில், அதாவது ஏறத்தாழ 120 செ.மீ. நீளத்தில் 60 செ.மீ. வரை நீர் நிரப்பினால், மேல்மட்டத்தில் சுழியமாக இருக்கும் அழுத்தம் அடியில் 60 கிராமாகிறது. சராசரி 30 கிராம். அதை 7,200 சதுர செ.மீ. பரப்பால் பெருக்கினால் முன்கண்ணாடியின் மீது 216 கிலோ எடைக்குச் சமமான விசை வருகிறது. நீர்மட்டம் 45 செ.மீ. மட்டுமே என்றால் அது 121.5 கிலோதான். உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது விசை முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுவதற்குக் காரணம், அது உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதே. கடல்நீர்த் தொட்டி என்றால் இன்னும் இரண்டரை விழுக்காடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கண்ணாடியை உடைப்பது மொத்த விசையைவிட, வளைவதால் அதற்குள் எழும் இழுதகைவே, அதாவது ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் கண்ணாடியை இழுத்துப் பிளக்கப் பார்க்கும் விசையே. அடிமட்ட அழுத்தத்தை நீர் உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, கனத்தின் வர்க்கத்தால் வகுத்து, நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைச் சார்ந்த ஒரு குணகத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். மூன்று விளிம்புகள் ஒட்டப்பட்டு மேல்விளிம்பு திறந்திருக்கும் நிலையில், நீளம் உயரத்தைப் போல் இருமடங்கானால் அந்தக் குணகம் 0.32. மேலே சொன்ன தொட்டிக்கு 8 மி.மீ. கண்ணாடியில் 10.6 மெகா பாஸ்கலும் (ஒரு மெகா பாஸ்கல் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 10 கிலோ), 10 மி.மீ. கண்ணாடியில் 6.8-உம், 12 மி.மீ. கண்ணாடியில் 4.7-உம் வருகின்றன. சாதாரணக் கண்ணாடியின் வலிமையை 19 மெகா பாஸ்கல் என எடுத்து, எதிர்பாராத குறைகளுக்கு இடம்விடும் பாதுகாப்புக் காரணியான 3.8-ஆல் வகுத்தால் அனுமதிக்கத்தக்க அளவு 5 ஆகிறது. ஆகவே மேல்விளிம்பைத் தாங்கிப் பிடிக்கும் கண்ணாடிப் பட்டை ஒட்டாத இந்தத் தொட்டிக்கு 12 மி.மீ. தேவை.

இந்த இடத்தில்தான் பலர் என்னோடு வாதிடுகிறார்கள். 8 மி.மீ. தொட்டி பக்கத்து வீட்டில் ஓராண்டாக நிற்கிறதே என்பார்கள். நிற்கத்தான் செய்யும், ஏனெனில் 10.6 என்பது 19-க்குக் கீழேதான். ஆயினும் கண்ணாடி தொடர்ச்சியான சுமையைத் தாங்கும் திறன் சிறிது நேரச் சுமையைத் தாங்கும் திறனைவிடக் குறைவு. வெட்டும்போது விளிம்பில் ஏற்பட்ட, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஈரத்தின் முன்னிலையில், இழுதகைவின் கீழ் மெல்ல மெல்ல நீள்கின்றன. எனவே ஒரு நாள் நிரப்பிப் பார்த்தேன், கசியவில்லை என்பது ஒட்டுக்கான சோதனையே தவிர, கண்ணாடிக்கான சோதனை ஆகாது. விளிம்புகளைத் தேய்த்து மழுக்காத கண்ணாடியை நான் எந்த உயரத்துக்கும் ஏற்பதில்லை.

செலவைக் குறைக்க விரும்புவோருக்கு என் பரிந்துரை, உயரத்தை 45 செ.மீ.க்குள் நிறுத்துவதே, அதே நீளத்துக்கு அப்போது 8 மி.மீ. ஏறக்குறைய போதுமானதாகிவிடும். டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூடாக்கி வேகமாகக் குளிர்வித்துப் பதப்படுத்திய கண்ணாடி, வலிமை மிக்கதுதான், ஆனால் பதப்படுத்திய பின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, உடைந்தால் முழுப் பலகையும் ஒரே கணத்தில் நொறுங்கும்.

கூடத்தில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் லிட்டர் கணக்கு உதவும். ஒன்றரை அடி அகலமுள்ள இந்தத் தொட்டியின் நீர் மட்டுமே 324 கிலோ. தாங்கும் மேசை சமதளமாக இல்லாவிட்டால் அடிக்கண்ணாடி முறுகும் என்பதால், அடிச்சட்டம் இல்லாத தொட்டிக்குக் கீழே தெர்மோகோல் விரிப்பது அவசியம். நிரப்பும்போது பாதியில் நிறுத்தி, மேல்விளிம்பில் நேரான அளவுகோலை வைத்துப் பாருங்கள், முழுவதும் நிரப்பிய பின் மறுபடி பாருங்கள்: 12 மி.மீ. கண்ணாடி அரை மி.மீ.க்குள்தான் புடைக்க வேண்டும், ஒரு மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் உடனே நீரை வெளியேற்றிவிடுங்கள்.